உப்புக் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

1

மரக்காணத்தில் போன வருஷம் எவ்வளவு உப்பு விளைந்தது என்று கேட்டால் பதில் கிடைக்கும். எத்தனை ஏக்கர் மத்திய அரசின் நிலம், எத்தனை ஏக்கர் மாநில அரசின் நிலம், யார் பேரில் குத்தகை, எத்தனை டன் லாரி ஏறியது, எல்லாவற்றுக்கும் ஏடு இருக்கிறது. அதே அளங்களில் இறங்கி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பன்னிரண்டாவதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், கல்லூரியில் கால் வைத்தவர்கள் எத்தனை பேர், பட்டத்தோடு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடம் தன் பங்குக்கு ஒரு துண்டு சொல்லும். கல்லூரி இன்னொரு துண்டு சொல்லும். இரண்டையும் சேர்த்துத் தைத்த ஏடு ஊரில் யார் கையிலும் இல்லை.

உயர்கல்வியில் தமிழ்நாடு இந்தியாவின் முன்வரிசையில் இருக்கிறது என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. இங்கே எழுப்பப்படும் கேள்வி வேறு. பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பாதையை இந்தச் சமூகம் எப்போதிலிருந்து, எப்படி, யாருக்காக எண்ணத் தொடங்கியது? எண்ணியபோது யாரைப் பார்த்தது, யாரைத் தவறவிட்டது? உப்பை எண்ணத் தெரிந்த ஓர் அரசு பிள்ளைகளை எண்ணக் கற்றுக்கொண்ட வரலாற்றை மரக்காணக் கரையிலிருந்து பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகும் என்பது என் எண்ணம்.

2

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர். சங்க இலக்கியத்தின் உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு உப்பை நெல்லுக்கு மாற்றினார்கள். அவர்களுடைய கணக்கு அவர்கள் வாயிலும் மனசிலும் இருந்தது. உப்பு எழுத்துக்குள் முழுசாக வந்தது கம்பெனி காலத்தில்தான்.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதன் பிறகு விளைந்த உப்பெல்லாம் சர்க்காருக்குத்தான் வர வேண்டும். விளைவித்தவனுக்குக் 'குடிவாரம்' என்று ஒரு தொகை. வாங்கிய உப்பைச் சர்க்கார் தான் வைத்த விலைக்கு விற்கும். 1880களில் எக்சைஸ் முறை வந்தது. 1889-ல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. முறை மாறியதே தவிர எழுதுவது குறையவில்லை. பாத்தியில் வாரியது, அம்பாரமாகக் குவித்தது, கிடங்கில் ஏற்றியது, வரி கட்டி வெளியே போனது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் நின்றுகொண்டு நிறுத்தார், எழுதினார். தானே தின்பதற்கு ஒரு பிடி மண்ணுப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றம். சென்னையிலிருந்து தெற்கே வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை வந்தது. படகு ஏறும் மூட்டைக்கும் ரசீது உண்டு. மணங்குக்கு இத்தனை ரூபாய் என்ற வரி ஏறியும் இறங்கியும் 1923-ல் இரண்டரை ரூபாய் ஆனது, எதிர்ப்பு கிளம்ப மறுவருஷமே ஒண்ணேகால் ரூபாய்க்கு இறங்கியது. 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் மக்கள் நடந்தார்கள். 1947-ல் வரி ஒழிந்தது.

ஏறக்குறைய 140 வருஷம் உப்பைப் பின்தொடர்ந்த இந்த ஏடுகள், உப்பை விளைவித்த கைகளைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா என்று கேட்க வேண்டிய தேவை உப்பு இலாகாவுக்கு இல்லை. எதை எடுக்க வேண்டுமோ அதைத்தான் அரசு எழுதும். உப்பிலிருந்து பணம் வந்தது. எனவே உப்பு எழுதப்பட்டது.

கல்வி ஏடுகளும் இதே காலத்தில்தான் பிறந்தன. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் அதோடு மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்தன. அன்றைய அரசுக்குத் தேவைப்பட்டவர்கள் கச்சேரியில் எழுதக்கூடிய கொஞ்சம் பேர். அவர்களைப் பொறுக்கி எடுப்பதற்கான சல்லடைதான் மெட்ரிகுலேஷன். சல்லடையில் தங்கியவர்களுக்குப் பட்டியல் உண்டு. விழுந்தவர்களுக்குக் கிடையாது. சல்லடைக்கே வராதவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

3

1911 வாக்கில் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை நிலைபெற்றது. தாத்தாமார் வீட்டுப் பெட்டியில் இன்னமும் அந்த 'எஸ்.எஸ்.எல்.சி. புக்' கிடக்கும், எடுத்துப் பார்க்கலாம். அது வெறும் மார்க் ஷீட் இல்லை. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, பள்ளியில் வாங்கிய மதிப்பெண்கள், கூடவே அங்க அடையாளம். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்.' ஒரு பிள்ளை எங்கே போனாலும் அவனை அவன்தான் என்று காட்டக்கூடிய ஏடு. அந்த வகையில் நம் நாட்டில் மாணவரைப் பின்தொடர்வதற்கென்று உருவான முதல் கருவிகளில் அது ஒன்று என்று சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், அரசு அவனைப் பின்தொடரவில்லை. அவனே அதைத் தூக்கிக்கொண்டு அரசின் பின்னால் அலைந்தான். கல்லூரிக்கு, தாலுகா ஆபீசுக்கு, வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு.

பள்ளியில் தங்கியது இன்னொரு ஏடு, சேர்க்கை நீக்கப் பதிவேடு. சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கியதற்குக் காரணம். அந்தக் காரணக் கட்டத்தில் விழும் சொற்கள் மிகச் சில. 'படிப்பு முடிந்தது', 'பெற்றோர் விருப்பம்', 'தொடர்ந்து வரவில்லை'. டி.சி. வாங்கியாச்சா, அதோடு கணக்கு முடிஞ்சது. டி.சி. வாங்காமலே போனவன் 'லாங் ஆப்சென்ட்', கொஞ்ச நாளில் பேரை அடித்துவிடுவார்கள். 'பெற்றோர் விருப்பம்' என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு வருஷத்து உப்பு விலை வீழ்ச்சியோ, அப்பாவின் கண்பார்வையோ, அக்காவின் கல்யாணமோ இருந்திருக்கும். தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதுவதுதான் வழக்கம். வயல் கூலியும் உப்பளக் கூலியும் கட்டடக் கூலியும் அங்கே ஒன்றுதான். இந்தக் கரையின் தனித்தன்மை அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது.

1970களின் பிற்பகுதிவரை பாதை இப்படி இருந்தது: பதினோரு வருஷப் பள்ளி, ஒரு வருஷம் பி.யு.சி., மூன்று வருஷம் பட்டப்படிப்பு. பி.யு.சி. கல்லூரியில் நடந்தது. மரக்காணத்துப் பையன் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ போய்த்தான் ஆகணும். அரசு கலைக் கல்லூரிகள் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வந்ததே 1960களின் கடைசியில்தான். பதினாறு வயதில் ஊரை விட்டு வெளியேறுவது, விடுதி, ஆங்கிலத்தில் பாடம் என்று எல்லாமே அந்த ஒரு வருஷத்தில் வந்து முட்டின. பி.யு.சி.யில் தேறாதவர்கள் திரும்பி வந்து அளத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஊரில் 'பி.யு.சி. பெயில்' என்பது ஒரு பட்டம் மாதிரியே நிலைத்தது.

1978-ல் தமிழ்நாடு பத்து கூட்டல் இரண்டு முறைக்கு மாறியது. 1980-ல் முதல் பிளஸ் டூ தேர்வு. பாடத்திட்ட மாற்றமாகவே இதைப் பேசுகிறார்கள். நிலவியல் மாற்றமாகவும் இதைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வாசல்படி பள்ளிக்குள் வந்தது. ஊரை விட்டுப் போக வேண்டிய வயது இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அதே சமயத்தில் புதுசாக ஒரு கதவும் முளைத்தது. உயர்நிலைப்பள்ளி வேறு, மேல்நிலைப்பள்ளி வேறு என்று ஆனது. பத்தாவதோடு நிற்கும் பள்ளியில் படித்த பிள்ளை, மேல்நிலைப்பள்ளி இருக்கும் ஊருக்கு மாறணும். அங்கே எந்த குரூப் கிடைக்கும் என்பது பத்தாவது மதிப்பெண்ணைப் பொறுத்தது. அறிவியல் பிரிவா, வரலாற்றுப் பிரிவா, தொழிற்பிரிவா என்று பதினைந்து வயதில் விழும் பிரிவு, அவன் எந்தக் கல்லூரிக்குப் போகவே முடியாது என்பதை முடிவுசெய்துவிடுகிறது. 'பிளஸ் டூ முடித்தவர்' என்று எல்லோரையும் ஒரே எண்ணில் சேர்க்கும் புள்ளிவிவரம் இந்தப் பிரிவை மறைக்கிறது.

4

எண்ணுவது என்றாலே கண்காணிப்பு, அதிகாரத்தின் கைவரிசை என்று சொல்லிவிட்டுப் போவது நம் வட்டாரத்தில் சுலபம். மிஷல் ஃபூக்கோ தேர்வைப் பற்றிச் சொன்னதை நாம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம்: தேர்வும் பதிவேடும் சேர்ந்து ஒவ்வொரு ஆளையும் ஒரு 'கேஸ்' ஆக்குகின்றன. எஸ்.எஸ்.எல்.சி. புக்கின் மச்சத்தைப் பார்க்கும்போது அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் தமிழ்நாட்டின் வரலாறு இதற்கு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. எண்ணியதால்தான் இங்கே சில அநியாயங்கள் வெளியே தெரிந்தன.

1969-ல் அமைக்கப்பட்டு 1970-ல் அறிக்கை தந்த சட்டநாதன் ஆணையம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் எந்தச் சாதி எத்தனை இடம் பெறுகிறது என்று பிரித்துப் பார்த்தது. பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதமே இருந்த ஒன்பது சாதிகள், அப்பிரிவினர் பெற்ற பொறியியல் இடங்களில் சுமார் 44 சதவீதத்தையும் மருத்துவ இடங்களில் சுமார் 47 சதவீதத்தையும் எடுத்திருந்தன. 'பிற்படுத்தப்பட்டோர்' என்ற ஒற்றை எண் மட்டும் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிப்பிரிவும் அதற்கு 20 சதவீதமும் 1989-ல் வந்தன. அதற்கு முன்னால் 1987-ன் சாலை மறியல் போராட்டம் இருந்தது, உயிர்கள் போயின. மரக்காணக் கரையின் வன்னியரும் மீனவரும் இந்தப் பிரிவில் வருகிறார்கள். தலித்துகளின் 18 சதவீதம் தனி.

அடுத்தது நுழைவுத் தேர்வு. 1984-ல் மாநிலத்தில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. கோச்சிங் சென்டர் இருக்கும் நகரத்துக்கும் இல்லாத கிராமத்துக்கும் நடுவே அது ஒரு சுவரானது. அனந்தகிருஷ்ணன் குழு அதை ஆராய்ந்தது, 2006-ல் சட்டம் வந்தது, தேர்வு ஒழிந்தது. மருத்துவத்துக்கு நீட் வடிவில் 2017-ல் திரும்பி வந்தது. ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையின்படி, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் தமிழ்வழியில் படித்தவர்கள் 2016-17-ல் 14.88 சதவீதம், 2020-21-ல் 1.99 சதவீதம். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலிருந்து எந்த மொழியில் படித்து எந்தக் கல்லூரிக்குப் போனது என்று பதிவாகியிருந்ததால்தான் இந்த வீழ்ச்சியைச் சொல்ல முடிந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததும் இந்த வகைக் கணக்கின் மேல்தான்.

கணக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2021-ல் வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்த சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டு நவம்பரிலேயே ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பட்டியலில் உள்ள மற்ற 115 சமூகங்களிடமிருந்து ஒரு சமூகத்தைத் தனியே பிரிப்பதற்குச் சமகாலத் தரவு இல்லை, பழைய கணக்கை வைத்து இதைச் செய்ய முடியாது என்பது அதன் சாரம். பழைய கணக்கு என்றால் 1983-ல் அம்பாசங்கர் ஆணையம் எடுத்தது. அந்தக் கோரிக்கை சரியா தப்பா என்பது வேறு விவாதம். நாற்பது வருஷம் பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் தன் நியாயத்தையோ அநியாயத்தையோ நிரூபிக்கவும் முடியவில்லை, மற்றவர்கள் மறுக்கவும் முடியவில்லை. இதுதான் நம் நிலைமை.

5

இப்போதைய நிலைக்கு வருவோம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்றில்லாமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. 'எமிஸ்' என்று ஆசிரியர்கள் வாயில் புழங்கும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமை. 2022-ல் 'நான் முதல்வன்' தொடங்கியது. அதன்கீழ் வந்த 'உயர்வுக்குப் படி' முகாம்களில், பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களை அந்தப் பட்டியலை வைத்துத் தேடி, அழைத்து, சான்றிதழ் சிக்கலைத் தீர்த்து, அங்கேயே சேர்த்துவிட முயல்கிறார்கள். 'ஏம்மா இன்னும் சேரலை?' என்று ஓர் அரசு ஊழியர் போன் பண்ணிக் கேட்பது இந்த நாட்டின் கல்வி வரலாற்றில் சின்ன விஷயம் இல்லை. உப்பு மூட்டை வரவில்லை என்றால் ஆள் அனுப்பிய அரசு, பிள்ளை வரவில்லை என்று ஆள் அனுப்ப இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டு, கணக்கின் அமைப்பைப் பார்க்கலாம். அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22-ல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய சராசரி 28.4. மேடைகளில் இதைத்தான் கேட்கிறோம். இது எப்படிக் கிடைக்கிறது? கல்லூரிகளில் இருப்பவர்கள் கோட்டுக்கு மேலே. 18 முதல் 23 வயதுவரை உள்ள மக்கள்தொகை கோட்டுக்குக் கீழே. வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே படிப்பவரும் மேலே உண்டு. கீழே இருப்பது கடைசியாக 2011-ல் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து நீட்டிக் கணித்த எண். ஓடும் ஆற்றை ஒரு போட்டோ எடுத்த மாதிரி. எந்தத் தனிப்பிள்ளையும் எங்கிருந்து எங்கே போனாள் என்று அதில் இல்லை. அமெரிக்காவில் 1972-ல் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தவர்களை ஒரு மாதிரியாக எடுத்து 1986 வரை ஐந்து முறை திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். நம் பக்கத்தில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 'யங் லைவ்ஸ்' ஆய்வு 2002 முதல் ஒரே பிள்ளைகளைப் பின்தொடர்கிறது. பின்தொடர்வது என்பது அதுதான்.

'பிளஸ் டூ முடித்தவர்களில் இத்தனை சதவீதம் கல்லூரியில் சேர்ந்தார்கள்' என்ற கணக்கு இதைவிட மேல். ஆனாலும் கீழே இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆறாம் வகுப்பில் நூறு பிள்ளைகள். பத்தாவது எழுதியவர்கள் எண்பது. பதினொன்றில் சேர்ந்தவர்கள் எழுபது. பிளஸ் டூ தேறியவர்கள் அறுபது. கல்லூரியில் சேர்ந்தவர்கள் நாற்பத்தைந்து. அரசு அறிக்கை 75 சதவீதம் என்று சொல்லும். ஊர்க்காரர் கணக்கில் அது 45. இரண்டும் பொய் இல்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பியர் பூர்தியுவும் பஸ்ஸரோனும் 1970-ல் எழுதிய 'மறுஉற்பத்தி' நூலில் சொன்னது இதுதான்: தேர்வில் தோற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால், தேர்வுக்கே வராமல் தாமாக விலகியது போல விலக்கப்பட்டவர்கள் மறைந்துபோகிறார்கள். விழுப்புரம் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சிப் பட்டியலில் பல வருஷங்கள் கீழ்ப்பகுதியில் இருந்த மாவட்டம். தேர்ச்சி விகிதம் ஏற வேண்டும் என்று மேலிருந்து அழுத்தம் வரும்போது, தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனைப் பரீட்சைக்கு முன்னாலேயே கழற்றிவிட வேண்டும் என்ற சபலம் எந்தப் பள்ளிக்கும் வரும். விகிதம் ஏறும், பிள்ளை காணாமல் போவான்.

அப்புறம் எல்லை. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் பஸ், காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் போகிறது. பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது வேறு அரசின் நிலம். 2022-க்குப் பிறகு அதில் நுழைவதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு. பாண்டிச்சேரிக் கல்லூரியில் சேர்ந்த மரக்காணத்துப் பெண் தமிழ்நாட்டின் கல்லூரிக் கணக்கில் வரமாட்டாள். பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்குப் போனவன் பிளஸ் டூ கணக்கிலேயே இல்லை. எண்ணுவது மாநிலத்தை ஒட்டி நிற்கிறது. ஜனங்களின் நடமாட்டம் பஸ் ரூட்டை ஒட்டி நடக்கிறது.

6

இந்தக் கரைக்கு இரண்டு காலண்டர்கள் உண்டு. ஒன்று உப்பின் காலண்டர். மழை நின்ற பிறகு, ஜனவரி வாக்கில் பாத்திகளைச் சேறு எடுத்து, மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சத் தொடங்குவார்கள். வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். மார்ச்சிலிருந்து கோடை முழுக்க வேலை உச்சம். வெயிலுக்கும் உப்பின் பளபளப்புக்கும் பயந்து விடியுமுன்பே இறங்கி வாரி, காலைக்குள் கரையேற்றுவார்கள். செப்டம்பர், அக்டோபர் வரை ஓடும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் முழுக்கத் தண்ணீர். வேலை இல்லை, கூலி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது இந்தக் காலண்டரின் அர்த்தம் வெளியூர்க்காரர்களுக்கும் புரிந்திருக்கும். மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்ததும் 2021-க்குப் பிறகுதான்.

இன்னொன்று கல்வியின் காலண்டர். மார்ச்சில் பொதுத் தேர்வு; அளத்தில் கைகள் தேவைப்படத் தொடங்கும் மாதம். மே, ஜூனில் விண்ணப்பம், கலந்தாய்வு, சேர்க்கை. அப்போது வீட்டில் கொஞ்சம் காசு புழங்கும். அட்வான்ஸ் வாங்கியாவது முதல் கட்டணத்தைக் கட்டிவிடுவார்கள். சேர்ந்தாயிற்று. கணினியில் பச்சைப் புள்ளி விழுந்தாயிற்று. நவம்பரில் முதல் செமஸ்டர் தேர்வு, அதற்கு முன்னால் தேர்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம், பஸ் காசு. அப்போது அளம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும்.

சேர்க்கைக் கணக்கு ஜூனில் எடுக்கப்படுகிறது. பிள்ளை நிற்பதோ நவம்பரில். நின்றவன் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பதில்லை. அரியர் வைப்பான், ஹால் டிக்கெட் வாங்கமாட்டான், அடுத்த செமஸ்டருக்கு வரமாட்டான். மூன்றாம் வருஷம்தான் அவன் இல்லை என்பது தெரியும். உப்பளக் கரையில் கல்வி மாற்றத்தை உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், எண்ண வேண்டிய நாள் ஜூன் மாதச் சேர்க்கை நாளைவிட டிசம்பர் மாத வருகைப் பதிவேடுதான். மாத உதவித்தொகை ஆயிரம் ரூபாயின் முக்கியத்துவமும் இங்கேதான். வருஷத்துக்கு ஒருமுறை தரும் தொகையால் ஆகாத காரியம், மழை மாதத்திலும் வந்து விழும் ஆயிரத்தால் ஆகலாம்.

7

அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வரலாறு உண்டு. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் ஒரு திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் எட்டாம் வகுப்புவரை படித்திருந்தால் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பின்னர் படிப்பு வரம்பு பத்தாவதாக உயர்ந்தது. 2011-ல் பத்தாவது படித்தவருக்கு 25,000, பட்டம் பெற்றவருக்கு 50,000, கூடவே தாலிக்கு நாலு கிராம் தங்கம் என்று ஆனது. பெண்களைப் பள்ளியில் இருத்தி வைத்ததில் இந்தத் திட்டத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதன் தர்க்கத்தைப் பாருங்கள். பையனுக்குப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் பாதை. பெண்ணுக்குப் பள்ளியிலிருந்து கல்யாணத்துக்குப் பாதை. பெண்ணின் படிப்பு எங்கே போய் முடிகிறது என்று அரசு சரிபார்த்த இடம் கல்யாணப் பத்திரிகை.

2022-ல் அதே அம்மையார் பெயரிலேயே இது உயர்கல்வி உறுதித் திட்டமாக, 'புதுமைப் பெண்' ஆக மாற்றப்பட்டது. ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. பெண்ணின் பாதை முடியும் இடத்தைக் கல்யாணத்திலிருந்து கல்லூரிக்கு நகர்த்தியதற்கு முப்பத்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதும் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. ஒன்பதாவதில் நின்று கல்யாணம் ஆன பெண்ணுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. அவள் எந்த முகாமின் பட்டியலிலும் இல்லை.

இதே போல முதல் பட்டதாரிச் சான்றிதழ். 2010-ல் வந்த இந்தச் சலுகை, குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாத வீட்டிலிருந்து தொழிற்படிப்புக்கு வரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. முதல்முறையாக ஓர் ஏடு பிள்ளையை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்த்தது. மூன்று தலைமுறையாக யாரும் போகாத இடத்துக்கு ஒருத்தி போகிறாள் என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான். அண்ணன் அதைப் பயன்படுத்திவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அண்ணன் இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான், அப்பாவும் அம்மாவும் இன்னும் அளத்தில்தான் நிற்கிறார்கள், வீட்டு வரவில் ஒரு ரூபாய் கூடவில்லை. ஏட்டின்படி அந்த வீடு 'பட்டதாரிக் குடும்பம்' ஆகிவிட்டது. ஒரு வீட்டில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் பெரும்பாலும் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணனுக்குப் பொறியியல், தங்கைக்குப் பக்கத்துக் கலைக் கல்லூரி. அதுவும் பஸ் இருந்தால்.

8

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. உப்பு விஷயத்தில் அரசுக்கு மொத்தம் தெரியும்; வாரிய ஆளைத் தெரியாது. பிள்ளைகள் விஷயத்தில் நேர்மாறு. ஒவ்வொரு பிள்ளையையும் அரசுக்குத் தெரியும். அன்று மச்சத்தை வைத்து, இன்று ஆதாரையும் எமிஸ் எண்ணையும் வைத்து. தெரியாதது ஒன்றாகச் சேர்ந்து நகரும் கூட்டம். 2015-ல் இந்தக் கரையில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் என்ற ஒரு கூட்டம், பத்து வருஷத்தில் எங்கெங்கே சிதறியது என்ற கதை. ஆளாகத் தெரிகிறவர்களைத் தனித்தனியே குற்றம் சொல்வது சுலபம்: 'அவனுக்குப் படிப்பு ஏறலை', 'அவங்க வீட்டுல அனுப்பலை.' கூட்டமாகத் தெரிந்தால்தான் காரணம் உப்பு விலையிலும் பஸ் நேரத்திலும் மேல்நிலைப்பள்ளி இல்லாத ஊரிலும் இருக்கிறது என்பது தெரியும். அப்போது கேள்வி பிள்ளையை விட்டுவிட்டு அரசின் பக்கம் திரும்பும். கூட்டத்தின் கணக்கு இதுவரை எழுதப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே எண்ணாதே என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணுவதெல்லாம் நன்மைக்கே என்று நம்பவும் முடியவில்லை. சாதியும் வருமானமும் பெற்றோர் விவரமும் ஒரே எண்ணின்கீழ் குவிவதில் உள்ள ஆபத்து நிஜமானது. நாம் கேட்க வேண்டியது எளிமையான சில மாற்றங்கள். எண்ணிக்கை பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்காமல் ஆறாம் வகுப்பில் தொடங்கட்டும். சேர்க்கை நாளோடு நிற்காமல் பட்டம் வாங்கும் நாள்வரை போகட்டும், நடுவே டிசம்பரில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். 'கூலி' என்ற சொல்லைப் பிரித்து 'உப்பளத் தொழிலாளி' என்று எழுதட்டும். பெயர்கள் இல்லாமல், சாதி வாரியாகவும் பால் வாரியாகவும் தொழில் வாரியாகவும் பிரித்த மொத்தக் கணக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிராமசபையில் தமிழில் வாசிக்கப்படட்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இன்று அந்தக் கணக்கு சென்னையில் ஒரு திரையில் இருக்கிறது. அது யாருடைய பிள்ளைகளைப் பற்றியதோ அவர்கள் அதைப் பார்த்ததில்லை. உப்புக் கணக்கை எழுதியவனும் உப்பை வாரியவனிடம் ஏட்டைக் காட்டியதில்லை. எடை குறைகிறதா, கூலி சரியா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு வழி இருக்கவில்லை. கிராமசபை ஜனவரி 26-லும் கூடுகிறது. அளத்தில் சேறு எடுக்கத் தொடங்கும் நேரம், எல்லோரும் ஊரில் இருக்கும் நேரம். மழைக்காலத்தில் கல்லூரியை விட்டு நின்றவர்கள் யார் யார் என்பது அப்போது ஊருக்குத் தெரிந்திருக்கும். அரசுக்குத் தெரிந்ததையும் ஊருக்குத் தெரிந்ததையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால், நின்றவர்களில் சிலரையாவது அடுத்த ஜூனுக்குள் திரும்ப அனுப்ப முடியும்.